கீட்டோவா, மான்டிவீடியோவா

ஞானசேகரனும் அருள்மொழியும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை என்று சொன்னால் அக்கம்பக்கத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். புருஷன் பெண்டாட்டி பேசவில்லை என்றால் அதற்கு முன்னால் ஒரு சண்டையாவது நடந்திருக்க வேண்டும், நாலு வீட்டுக்குக் கேட்டிருக்க வேண்டும். அந்த வீட்டிலிருந்து குக்கர் விசில் தவிர எந்தச் சத்தமும் வந்ததில்லை. அண்ணாமலை நகரில், அவர் ரிட்டையர் ஆன பணத்தில் கட்டிய அடக்கமான வீடு. காலையில் அவர் பால் வாங்கி வருவார், அவள் காபி போட்டு வைப்பாள், சாயங்காலம் ஒரே சோபாவின் இரண்டு முனைகளில் உட்கார்ந்து செய்தி பார்ப்பார்கள். பார்க்கிறவர்கள் கொடுத்து வைத்த ஜோடி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் ஆகியிருக்கலாம். இவர்கள் விஷயத்தில் சமாதானம் ஆவதற்கு ஒன்றுமே இல்லை. ஞானசேகரன் ஆயுசில் பாதிக்கு மேல் பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அங்கே எந்த விண்ணப்பமும் நேராக மேலே போகாது. எழுத்தரிடம் கொடுத்து, அவர் கண்காணிப்பாளரிடம் கொடுத்து, உரிய வழியாகத்தான் போக வேண்டும். நேராகப் போய் நின்றவனை மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. வீட்டில் உரிய வழி என்பது மகள் சிந்துஜா. அவளுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து, "உங்கப்பாவ சாப்ட வரச் சொல்லு", "உங்கம்மாகிட்ட சாவிய கேளு" என்று எல்லாம் அவள் மூலமாகத்தான். குழந்தைக்கும் அது விளையாட்டாக இருந்தது, இந்த அறைக்கும் அந்த அறைக்கும் குதித்துக் குதித்து ஓடினாள். குழந்தை மூலமாகப் பேசாத வீடு எது என்று கேட்பீர்கள். நியாயம்தான். மற்ற வீடுகளில் நேராகவும் கொஞ்சம் பேசுவார்கள். இங்கே அது வரவர மெலிந்து, எப்போது நின்றது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

சிந்துஜா படித்து முடித்து, சென்னையில் கொஞ்ச நாள் இருந்து, இப்போது பிரேசிலில் சாவோ பாலோவில் கம்ப்யூட்டர் வேலை. போய் மூன்று வருடம் ஆகிறது. போகும்போது வாட்ஸப்பில் மூன்று பேருக்கும் ஒரு குழு ஆரம்பித்து வைத்துவிட்டுப் போனாள். உரிய வழி திறந்தே இருந்தது. காலையில் அருள்மொழி அடுக்களையிலிருந்து, "சிந்து, உங்கப்பாவ டிபன் சாப்ட வரச் சொல்லு" என்று போடுவாள். ஹாலில் ஞானசேகரனின் போன் 'டிங்' என்னும். அவரே அதைப் படித்துவிடுவார். ஆனாலும் எழுந்திருக்க மாட்டார். அங்கே படுக்கப் போகும் நேரத்தில் சிந்துஜா, "அப்பா, சாப்ட போங்க" என்று போட்ட பிறகுதான் நாற்காலியை நகர்த்துவார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே விடிந்திருக்காது. அதனால் மதியத்தில் மட்டும் தட்டைக் கொஞ்சம் ஓசையாக வைப்பாள், அவர் வந்துவிடுவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில்தான் அந்தப் பயணப் பேச்சு வந்தது. சிந்துஜாவுக்கு ஒரு வாரம்தான் லீவு. ஊருக்கு வந்து போனால் அதில் பாதி விமானத்திலேயே கழிந்துவிடும். அவள் இருப்பது நாலு பெண்கள் சேர்ந்து எடுத்த வீடு, அப்பா அம்மாவைத் தங்க வைக்க முடியாது. அதனால் நீங்கள் இரண்டு பேரும் இங்கே வாருங்கள், மூன்று பேரும் எங்காவது ஒரு நல்ல ஊரில் ஒரு வாரம் இருக்கலாம் என்றாள். அவளே தேடிப் பார்த்து இரண்டு தலைநகரங்களில் கொண்டுவந்து நிறுத்தினாள். ஒன்று ஈக்வடாரின் கீட்டோ. இன்னொன்று உருகுவேயின் மான்டிவீடியோ.

இரண்டுக்கும் ஏணி வைத்தால்கூட எட்டாது. கீட்டோ மலைக்கு மேல் இருக்கிறது. ஊட்டியைவிட உயரம், ஸ்வெட்டர் போடாமல் வெளியே போக முடியாது, எந்தத் தெருவில் நின்றாலும் ஒரு எரிமலை எட்டிப் பார்க்கும். ஊருக்குப் பக்கத்திலேயே பூமத்தியரேகை. தரையில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள், ஒரு கால் வடக்கு பாதியிலும் ஒரு கால் தெற்கு பாதியிலும் வைத்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். மான்டிவீடியோ தட்டையான ஊர். கடல் மாதிரி விரிந்து கிடக்கும் ஆற்று முகத்துவாரம், அதை ஒட்டி நடந்தால் முடிவே இல்லாத ஒரு நடைபாதை. அவசரமே இல்லாத ஜனங்கள். ஊரில் பாதிப் பேர் வயசானவர்கள், கக்கத்தில் பிளாஸ்க்கை இடுக்கிக்கொண்டு நடக்கிறார்கள்.

சிந்துஜா குழுவில் வாக்கெடுப்பு வைத்தாள். யார் எதற்குப் போட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்படிதான் அதில் இருக்கும். ஞானசேகரன் யோசிக்கவே இல்லை, கீட்டோவுக்குப் போட்டார். சிதம்பரத்துக்காரருக்கு மலை என்றால் ரயில்வே மேம்பாலம்தான். மலை மேல் இருக்கும் ஒரு தலைநகரத்தைப் பார்க்காமல் செத்துப்போனால் நெஞ்சு வேகாது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கொஞ்ச நேரத்தில் அருள்மொழியின் ஓட்டு மான்டிவீடியோவில் விழுந்தது.

மறுநாள் புதன்கிழமை காலையில் அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போகும்போது, அவள் மொட்டை மாடியிலிருந்து துணிக்கூடையோடு இறங்கி வருவதைப் பார்த்தார். ஒவ்வொரு படியாகப் பக்கவாட்டில் திரும்பித் திரும்பி இறங்கினாள். முட்டி வலி. எத்தனை நாளாக இப்படி இறங்குகிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கலாம்தான். எப்படி ஆரம்பிப்பது? பேசாமல் குளியலறை வாசலில் நின்றபடியே போனை எடுத்து, தன் ஓட்டைக் கீட்டோவிலிருந்து மான்டிவீடியோவுக்கு மாற்றினார். மனசுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

குளித்துவிட்டு வந்து பார்த்தால் அருள்மொழியின் ஓட்டு கீட்டோவில் இருந்தது.

அவருக்குச் சுருக்கென்றது. நான் எந்தப் பக்கம் போனாலும் அதற்கு எதிர்ப்பக்கம் நிற்பது என்று கங்கணம் கட்டிக்கொண்டிருக்கிறாளா? சரி, நான் ஆசைப்பட்ட ஊரையே போட்டுக்கொள்கிறேன் என்று மறுபடி கீட்டோவுக்குப் போட்டார். சாப்பிட்டுவிட்டுப் பார்க்கிறார், அவள் மான்டிவீடியோவில் இருக்கிறாள். அன்றைக்கு முழுக்க இது நடந்தது. இவர் அங்கே போனால் அவள் இங்கே, இவர் இங்கே வந்தால் அவள் அங்கே. ஒரு வார்த்தை கிடையாது. இருவரும் ஒரே கூரையின் கீழ் போனைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு, முறைத்துக்கொண்டு நடந்தார்கள்.

வியாழக்கிழமை காலை சிந்துஜாவின் குரல் பதிவு வந்தது. ஹாலிலும் அடுக்களையிலும் ஒரே நேரத்தில் ஓடியது. அவள் அழுதுகொண்டே பேசியிருந்தாள்.

"அப்பா, அம்மா, ரெண்டு பேரும் கேளுங்க. எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஓடிக்கினே இருக்கேன். பக்கத்து ரூம்ல இருக்கறவர சாப்ட கூப்பிட ஒலகத்துக்கு அந்தாண்டேர்ந்து நான் வரணுமா? என்னிக்காவது நான் சாப்ட்டனான்னு கேட்டீங்களா? நான் ஒரே ஒரு ஊரு பேரு கேட்டேன். அதுக்கு ரெண்டு பேரும் மாத்தி மாத்தி குத்தி என்ன கேலி பண்றீங்க. என்னால முடியலப்பா. உக்காந்து நேருல பேசி, ஞாயித்துக்கெழமைக்குள்ள ரெண்டு பேரும் ஒரே ஊரா சொல்லுங்க. இல்லன்னா லீவ கேன்சல் பண்ணிடறேன். அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு வரி. சிந்துஜா குழுவிலிருந்து வெளியேறினார்.

ஞானசேகரன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அந்தக் குழுவில் இரண்டே பேர்தான். அடுத்த வருஷம் என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான், அந்தப் பிடிவாதம் இந்த வீட்டில் விளைந்ததுதானே. மூன்று வருஷமாகப் பெண்ணைத் திரையில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். தலையைத் தொட்டுத் தடவிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. அடுக்களையில் எந்தச் சத்தமும் இல்லை. அருள்மொழி புடவைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் வாசற்படி வரை போய் நின்றார், தொண்டையைச் செருமினார், தண்ணீர் குடிக்க வந்தவர் மாதிரி ஒரு டம்ளர் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் பையில் இரண்டு புடவை எடுத்து வைத்தாள். "தம்பி ஊட்டுக்கு போயிட்டு வரலாம்னு இருக்குது" என்று பிரிட்ஜைப் பார்த்துச் சொன்னாள். "பஸ்ஸு இந்நேரத்துக்கு ஃப்ரீயாதான் இருக்கும்" என்று அவர் காலண்டரிடம் சொன்னார். அவள் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது, கேட் மூடும் சத்தம் கேட்டது, அவ்வளவுதான். அவள் தம்பி சேரன் கடலூர் மஞ்சக்குப்பத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான்.

பேசாத பெண்டாட்டி போனால் வீட்டில் என்ன குறைந்துவிடப் போகிறது என்றுதான் ஞானசேகரன் நினைத்தார். குறைந்தது. மிக்ஸி ஓடவில்லை. குழாய் திறக்கவில்லை. வளையல் சத்தம் இல்லை. இத்தனை காலமும் அந்தச் சத்தங்களைத்தான் பேச்சு என்று எடுத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறோம் என்று அவருக்கு சனிக்கிழமை காலையிலேயே தெரிந்துவிட்டது. தெற்கு வீதியில் போய் இட்லி வாங்கி வந்தார். சாப்பிடக் கூப்பிட ஆள் இல்லை, தட்டில் போடாமல் பொட்டலத்திலேயே சாப்பிட்டார். டிவியைச் சத்தமாக வைத்தார். சோபாவில் அந்த முனையில் குஷன் மட்டும் இருந்தது. அவருக்கு அழுகை வரும் போல இருந்தது, அதைக் கொட்டாவியாக மாற்றிக்கொண்டார். யாருக்காக மாற்றினார் என்று தெரியவில்லை, பார்க்க ஒரு ஆள்கூட இல்லை.

சாயங்காலம் குழுவைத் திறந்தார். ஒரு வரி எழுதிவிடலாம் என்று பார்த்தார். இத்தனை வருஷமும் அவர் எழுதியதெல்லாம் "சிந்து" என்றுதான் ஆரம்பிக்கும். அந்த வார்த்தை இல்லாமல் எப்படி ஆரம்பிப்பது? "எப்ப வர" என்று அடித்தார், அதட்டுகிற மாதிரி இருந்தது, அழித்தார். "முட்டி எப்படி இருக்குது" என்று அடித்தார். இத்தனை நாள் கேட்காதவன் இன்றைக்கு என்ன கேட்பது என்று வெட்கமாக இருந்தது, அதையும் அழித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் வேலையாகக் கடலூர் பஸ் ஏறினார்.

வீட்டு வாசலில் பல் தேய்த்துக்கொண்டு நின்ற சேரன், "வாங்க மாமா!" என்றான். உள்ளே எட்டிப் பார்த்த அவரிடம், "அக்கா இல்லியே, திருவந்திபுரம் போறேன்னு காலைலயே கெளம்பிட்டாங்க. ஒரு போன் அடிச்சிட்டு வந்துருக்கலாம்ல மாமா" என்றான்.

"சும்மாதான் வந்தேன் மச்சான். இந்தப் பக்கம் ஒரு வேல."

"ஞாயித்துக்கெழம என்னா வேல?" என்று கேட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்த்ததும் சேரன் வாய் கொப்பளிக்கப் போய்விட்டான். நல்ல பிள்ளை.

அன்றைக்கு முகூர்த்த நாள். திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோயிலில் முகூர்த்த நாள் என்றால் கேட்கவே வேண்டாம், ஒரே காலையில் எத்தனை கல்யாணம் நடக்கிறது என்று பெருமாளுக்கே கணக்குத் தெரியாது. தெரு அடைத்து வேன்கள். எங்கே திரும்பினாலும் மாலையும் கழுத்துமாக ஒரு ஜோடி. ஒரு மாப்பிள்ளை பெண்ணின் காதில் என்னவோ சொல்ல, அவள் மாலைக்குள் முகத்தை வைத்துச் சிரித்தாள். என்னதான் அப்படிப் பேசுவார்கள் என்று ஞானசேகரனுக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சல் இல்லை, பொறாமை.

அருள்மொழி கோயிலுக்கு எதிரே இருக்கும் சின்ன மலைக்குப் போகும் படிக்கட்டின் அடியில், நிழலாகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மேலே ஏற முடியவில்லை போல. அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, பிறகு எழாமலே இருந்தாள். அவரும் அதே படியில் உட்கார்ந்தார், நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு.

"பஸ்ஸு கூட்டமா இருந்துது" என்று அவர் எதிரே போகிற நாதஸ்வரக்காரரைப் பார்த்துச் சொன்னார்.

"முகூர்த்தம்ல" என்று அவளும் அதே நாதஸ்வரக்காரரிடம் சொன்னாள்.

நாதஸ்வரக்காரர் கடந்து போய்விட்டார். இனி பார்த்துப் பேச யாரும் இல்லை. ஞானசேகரன் தரையைப் பார்த்தார். "நான் ஓட்ட உனக்காவத்தான் மாத்துனேன்" என்றார்.

உனக்காக. அந்த வார்த்தை அவருக்கே புதுசாகக் கேட்டது. அருள்மொழி திரும்பிப் பார்த்தாள்.

"எப்ப?"

"பொதங்கெழம காலைல. குளிக்கப் போறதுக்கு முன்னால. நீ படியில எறங்கறத பாத்தேன்."

"நானும் அப்பதான் மாத்துனேன்" என்றாள். "இட்லி ஊத்தி வச்சிட்டு, நீங்க எதுல இருக்கீங்கன்னு பாக்காமலே. இந்த மனுசன் எங்கதான் போயிருக்காரு, ஆசப்பட்டத பாக்கட்டுமேன்னு. அப்பறம் பாத்தா நீங்க மான்டிவீடியோல இருக்கீங்க. சரி, நம்ப கூட ஒரே எடத்துல நிக்கக்கூட இவருக்குப் புடிக்கலன்னு நெனச்சிக்கினேன்."

"நானும் அதத்தான் நெனச்சேன்."

சிரித்திருக்கலாம். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. எத்தனை வருஷமாக இப்படி விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்தே தூரமாகப் போயிருக்கிறோம் என்று ஞானசேகரன் நினைத்துப் பார்த்தார்.

"நான் கேட்ட அந்த ஊரு வீடியோவ போட்டுப் போட்டுப் பாத்தேன்" என்றாள் அருள்மொழி. "சாயந்தரமானா வயசானவங்க ஜோடி ஜோடியா வந்து தண்ணியப் பாத்து உக்காந்துக்கறாங்க. பேசறாங்களான்னு பாத்தேன். பேசிக்கினேதான் இருக்காங்க. அப்படி என்னாதான் இருக்கும் பேசறதுக்குன்னு தெரியல. அதுக்குத்தான் அந்த ஊரு."

"அப்ப அதயே சொல்லிடலாம்."

"எந்த ஊரா இருந்தா என்னாங்க? அங்கயும் அவள நடுவுல உக்கார வச்சிதான் பேசப் போறம்." அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள். "ஒண்ணு கேக்கறேன். அவ வரலன்னு வச்சிக்குங்க. வருவீங்களா? என்னோட மட்டும். ஒரு வாரம்."

ஞானசேகரன் வாயைத் திறந்தார். வார்த்தை வருவதற்கு முன்னால் பயம் வந்துவிட்டது. பாஷை தெரியாத ஊர். ஓட்டலில் ஒரு அறை. தமிழ் டிவி இல்லை, வாசலில் யாரும் இல்லை, ஒரு வாரம் முழுக்க அவளும் அவரும் மட்டும். காலையில் எழுந்ததும் என்ன பேசுவது? அது முடிந்த பிறகு என்ன பேசுவது? பேச ஒன்றும் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்துபோனால் அப்புறம் எப்படித் திரும்பி வந்து ஒரே வீட்டில் இருப்பது? இதையெல்லாம் அவர் யோசித்து முடிப்பதற்குள் நேரம் ஆகிவிட்டது. அவள் காத்திருந்து பார்த்தாள், பிறகு தலையை ஆட்டிக்கொண்டாள்.

"சரி, பஸ்ஸு வந்துடும்" என்று எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அவர் பின்னாலேயே ஓடினார். டவுன் பஸ் வந்து நின்றதும் கல்யாணக் கூட்டம் மொத்தமும் ஏறியது. அருள்மொழி முன்வாசலில் ஏறி, பெண்கள் பக்கம் ஒரு சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். ஞானசேகரன் பின்வாசலில் தொங்கி ஏறி, கடைசியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடுவில் பட்டுப்புடவைகளும் சீர்ப் பாத்திரங்களும் தாம்பூலப் பைகளும். அந்தக் கடைசியிலிருந்து பார்த்தால் அவளுடைய கொண்டை மட்டும் தெரிந்தது. நரைத்துவிட்டது. பஸ் புறப்பட்டது. இது கடலூர் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து சிதம்பரம் போய்ச் சேர்ந்து, கேட்டைத் திறந்து உள்ளே போனால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பெண்ணும் வர மாட்டாள்.

"வருவேன்!" என்று கத்தினார்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது, அந்தக் கொண்டையைத் தவிர.

"அவ வராட்டியும் வருவேன். ஒன்னோட மட்டும் வருவேன்!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்த கண்டக்டர், "வாங்க சார், யாரு வாணாம்னாங்க. எங்க போவணும், எடத்த சொல்லி டிக்கெட்ட எடுங்க" என்றார்.

"கீட்டோ" என்றார் ஞானசேகரன். வாயில் வந்தது அதுதான்.

"அது எங்க சார் இருக்குது, பண்ருட்டி தாண்டியா?"

அப்போதுதான் அருள்மொழி திரும்பினாள். சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்து, இத்தனை ஜனத்துக்கும் மேலாக நேராக அவரைப் பார்த்துக் கத்தினாள். "என்னாது, மலைக்கா? இந்த முட்டிய வச்சிக்கினு நான் மலை ஏறணுமா? கொஞ்சமாவது மனசு இருக்குதா உங்களுக்கு? மான்டிவீடியோதான்!"

பக்கத்தில் இருந்த பெண்கள் அவளுக்காகப் பரிந்துகொண்டு அவரை முறைத்தார்கள். ஞானசேகரனுக்குக் கண் நிறைந்துவிட்டது. மான்டிவீடியோவே போகலாம், அதிலென்ன, என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

"மலையில ரோப் காரு வுட்டுருக்கான், ஏற வேண்டியதில்ல!" என்று கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு கத்தினார். "ஒண்ணுந் தெரியாம பேசாத!"